நாய் செலவழித்த மூச்சு

நாயும் ஆமையும் ஒரே வயசு வாழ்ந்த காலம் ஒன்று இருந்தது. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். அப்போது மிருகங்களுக்குப் பேச்சு இருந்தது, ஆயுளுக்கு வருஷக் கணக்கு இல்லை. பிறக்கும்போதே ஒவ்வொரு உயிருக்கும் இவ்வளவு மூச்சு என்று அளந்து கொடுத்து அனுப்பினார்கள். யார் அனுப்பினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், இது கொடுத்தவரைப் பற்றிய கதை இல்லை. யானைக்கு ஒரு அளவு, எலிக்கு ஒரு அளவு என்ற பாரபட்சம் அன்றைக்குக் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு. எல்லாரும் ஏறக்குறைய ஒரே நடையில் இழுத்து விட்டார்கள், ஏறக்குறைய ஒரே வயசில் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்ல உட்காரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோகா வகுப்பில் சேர்ந்து மூன்றாம் நாளே வாத்தியார் ஆரம்பித்துவிடுவார். ஆமையைப் பாருங்கள், நிமிஷத்துக்கு நாலு மூச்சு, எவ்வளவு காலம் வாழ்கிறது; நாயைப் பாருங்கள், லொங்கு லொங்கென்று இரைக்கிறது, பன்னிரண்டு வருஷத்தில் செத்துப்போகிறது என்பார். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் தலையாட்டுவார்கள். அந்த நாய் ஏன் இரைக்கிறது என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். அதனால் நானே சொல்கிறேன்.

சுனைக்கரடு என்று ஒரு குன்று. அதன் பாதி ஏற்றத்தில் வற்றாத ஒரு சுனை, சுனைக்கு மேலே பந்திப்பாய் விரித்த மாதிரி ஒரு தட்டைப் பாறை. அந்தச் சுனையில்தான் ஆமை இருந்தது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக் கிடந்து பழகிய ஜென்மம். ஒருநாள் அதற்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஓயாமல் கத்திக்கொண்டிருந்த தவளை கொஞ்சம் முன்னால் செத்தது, வாயை மூடிக் கிடந்த தவளை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மூச்சு அளந்து கொடுத்த சரக்கு என்றால், மெதுவாகச் செலவழிக்கிறவனுக்கு ஆயுள் நீளம். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அது பெரிய புத்திதான், நான் மறுக்கவில்லை. புத்தி இருக்கிற இடத்திலெல்லாம் நெஞ்சும் இருந்துவிடுகிறதா என்ன.

சேதி பரவியது. மயில் வந்தது, மான் வந்தது, கீரி வந்தது, பாம்பு வந்தது. பாறை ஏறினால் ஒருவரை ஒருவர் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டதால் கீரியும் பாம்பும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. ஆமையை எல்லாரும் ஆமைச்சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் அப்படியே மரியாதையாகச் சொல்லித் தொலைக்கிறேன்.

சாமி வைத்த முறைகள் கடுமையானவை. விடியற்காலையில் சுனையில் முழுக வேண்டும். வெறும் வயிற்றோடு பாறை ஏற வேண்டும். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கண்ணை மூடினால், சாமி தன் ஓட்டால் பாறையை இரண்டு தட்டுத் தட்டும்வரை திறக்கக்கூடாது. ஈ உட்கார்ந்தாலும் அசையாதே, எறும்பு கடித்தாலும் அசையாதே, யார் வந்து தொட்டாலும் அசையாதே. மூச்சு பழகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. எருக்கங்காய் வெடித்த பஞ்சில் ஒரு இழையை எடுத்து மூக்குக்கு நேரே புல் நுனியில் ஒட்டி நிறுத்துவார். பஞ்சு ஆடினால் மூச்சு இன்னும் முரடு. ஆடாமல் நின்றால் தேறியாயிற்று.

இப்படி ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடாமல் உட்கார வேண்டும். நாற்பத்தெட்டாம் நாள்தான் முக்கியம். அன்றைக்கு மூச்சு எந்த நடையில் இருக்கிறதோ அந்த நடையிலேயே நின்றுவிடும். உட்கார்ந்தவருக்கு மட்டும் இல்லை, அவர் வம்சத்துக்கே அதுதான். அன்று பஞ்சு அசையாமல் நின்றால் பிள்ளை குட்டிகளோடு நெடுங்காலம் இருக்கலாம். அன்று மூச்சு கெட்டால் கெட்டதுதான், இரண்டாவது மண்டலம் என்று ஒன்று கிடையாது.

உட்காருகிற இடத்துக்கும் முறை இருந்தது. முதலில் வந்தவர்கள் நடுவில், சாமியைச் சுற்றி. அப்புறம் வந்தவர்கள் அவர்களுக்கு வெளியே. கடைசியாக வந்தவர்கள் பாறையின் ஓரத்தில், சூரைமுள் புதரை ஒட்டி. நடுவில் இருந்தவர்களிடம் கொம்பு இருந்தது, நகம் இருந்தது, விஷம் இருந்தது. ஓரத்தில் இருந்தவர்களிடம் ஒன்றும் இல்லை. எப்போதும் அப்படித்தானே அமைகிறது.

கருவாயன் என்று ஒரு நாய் பாறைக்கு வந்தான். உடம்பெல்லாம் செம்மண் நிறம், வாய் மட்டும் கரி பூசின மாதிரி கறுப்பு. சரியான முன்கோபி. ஒரு எலும்புத் துண்டுக்காகக் கூடப்பிறந்த தம்பியையே கடித்து, தம்பியின் பின்னங்கால் ஊனமாகிப் போனது. அதற்கப்புறம் தம்பி அவன் முகத்தில் விழிக்கவில்லை, கரட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். கருவாயனுக்குத் தூக்கம் போனது. கண்ணை மூடினால் தம்பி நொண்டிக்கொண்டு போவதுதான் தெரிந்தது. ஆயுள் நீளும் என்ற ஆசையில் அவன் பாறை ஏறவில்லை. மண்டலம் முடிந்ததும் தம்பியிடம் போய், எனக்கு இனிமேல் கோபம் வராதுடா, மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ஏறினான்.

முதல் பத்து நாள் பஞ்சு பறந்தது. முப்பதாம் நாள் நடுங்கியது. நாற்பதாம் நாள் நின்றது. அன்றைக்கு வெகு நாளைக்குப் பிறகு கருவாயன் நிம்மதியாகத் தூங்கினான். இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் மூச்சைப் பழக்குவது புரட்டு என்று நான் சொல்ல வரவில்லை. அது நிஜம். அவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அவனுக்கு அப்புறம் வந்து சேர்ந்தவர்கள் நாலு பேர். அவனுக்கு அடுத்து முயல், முயலுக்கு அடுத்து கௌதாரி, அப்புறம் பூனை அளவே இருக்கும் சருகுமான், முள்ளை ஒட்டிக் கடைசியில் காடை. முயலின் பேர் நெடுஞ்செவி. வயிற்றில் குட்டிகள். போன தடவை பயத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்து கருவிலேயே குட்டிகளைப் பறிகொடுத்தவள். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது என்று மூச்சைப் பழக வந்திருந்தாள். கருவாயனை அண்ணே என்று கூப்பிடுவாள்.

கருவாயனுக்கு நாற்பத்தைந்தாம் நாள். சாமி ஓட்டைத் தட்டினார், எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். காடை இருந்த இடம் காலியாக இருந்தது.

"காடை எங்க சாமி?" என்று நெடுஞ்செவி கேட்டாள்.

"ஓடிட்டான்," என்றார் ஆமைச்சாமி. "மனசு நிலையா நிக்காதவங்களுக்கு இந்தப் பாறை சுடும். இனிமே அவன் பேரை இங்க யாரும் எடுக்க வேண்டாம்."

மறுநாள் ஓட்டைத் தட்டியபோது சருகுமானைக் காணவில்லை. சாமி அதே வார்த்தையைச் சொன்னார். நடுவில் உட்கார்ந்திருந்த மயில், "சின்ன ஜாதிகளுக்கு இதெல்லாம் முடியாதுங்க சாமி," என்று ஒத்து ஊதியது.

கருவாயனுக்கு மட்டும் உறுத்தியது. ஓரத்துக் காற்றில் இரண்டு நாளாக ஒரு வாடை. அடுப்புப் புகை, வேப்பெண்ணெய், நனைந்த நார்ப்பை. எல்லாரும் கலைந்ததும் சுனைக்கு இறங்கிப் போய் சாமியிடம் சொன்னான்.

"சாமி, மனுஷ வாடை வருது. நாம கண்ணை மூடினப்புறம் வருது, நீங்க ஓட்டைத் தட்டறதுக்கு முன்னாடி போயிடுது. காடையும் சருகுமானும் ஓடிப் போகலைங்க. யாரோ பிடிச்சிட்டுப் போறாங்க."

"கருவாயா, மூக்குங்கறது ஒரு புலன். புலன் காட்டறதையெல்லாம் நம்பினா மூச்சு எப்படி அடங்கும்? நான் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கறேன் பார், அந்த மாதிரி நீ மூக்கை உள்ளே இழுத்துக்கோ."

"இழுத்துக்கிட்டா வாடை இல்லாமப் போயிடுங்களா?"

"உனக்கு இல்லாமப் போயிடும். அது போதும்."

உனக்கு இல்லாமல் போய்விடும், அது போதும். இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேர் வாயில் எத்தனை தினுசில் கேட்டிருக்கிறேன். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று பூனையைத்தான் எல்லாரும் கேலி செய்கிறோம். பூனை பாவம், பால் குடிக்கிற நேரத்துக்கு மட்டும் மூடுகிறது. இவர்கள் அதையே ஒரு தவம் என்று சொல்லி ஊருக்கு உபதேசம் பண்ணுகிறார்கள். கருவாயனுக்கும் சுள்ளென்று வந்தது. உடனே தம்பியின் கால் ஞாபகம் வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

நாற்பத்தேழாம் நாள் கௌதாரி போனாள்.

அன்று மத்தியானம் நெடுஞ்செவி சூரைமுள் புதரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முள்ளில் ஒரு இறகு மாட்டியிருந்தது. பக்கத்தில் மண்ணில் மனிதக் கால் தடம், அதன் மேல் மூங்கில் ஊன்றிய குழி.

"அண்ணே, இது கௌதாரி இறகு."

"பாத்தேன் தங்கச்சி."

"காடை, சருகுமான், கௌதாரி. நாளைக்கு என் முறை."

"நாளைக்கு நீ பாறைக்கு வராதே," என்றான் கருவாயன்.

"வராம எங்க போறது? என் படுக்கையே இந்தப் புதருக்கு அடியிலதான் இருக்கு. அவன் வர்ற வழியும் இதுதான். இந்த வயித்தோட என்னால தூரம் ஓட முடியாது. இங்க தனியாக் கிடக்கறதுக்கு, அங்க உன் பக்கத்துல உக்காந்திருக்கறது மேல்." முள்ளில் மாட்டிய இறகை எடுத்துக் கீழே வைத்தாள். "அதோட, நான் வரலைன்னா ஓடிட்டான்னு என் பேரையும் அழிச்சிடுவாங்க. கௌதாரி ஓடலை அண்ணே. அவ கடைசி வரைக்கும் அசையாம உக்காந்திருக்கா. அசையாதேன்னு சொல்லிக் கொடுத்ததை அவ்வளவு ஒழுங்காக் கேட்டிருக்கா பாவி மகள்."

கருவாயன் மறுபடியும் சுனைக்கு ஓடினான். "சாமி, நாளைக்கு ஒரு நாளைக்கு முயலை நடுவுல உக்கார வையுங்க. பிள்ளைத்தாய்ச்சி."

"இடம் வந்த வரிசைப்படி. அதை மாத்த முடியாது."

"அப்ப என்னை ஓரத்துல போடுங்க. அவ என் இடத்துல உக்காரட்டும்."

"நாளைக்கு உனக்கு நாற்பத்தெட்டு. இடம் மாறினா மனசு மாறும், மனசு மாறினா மூச்சு கெடும். கெட்டா உன் வம்சத்துக்கே கெடும்னு தெரியுமில்ல? ஒரு முயலுக்காகவா?" ஆமைச்சாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் தம்பி காலை நினைச்சுப் பார் கருவாயா. கோபம் என்ன பண்ணும்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

தன் குற்றத்தைத் தானே நம்பிச் சொன்னவன் வாயை, அந்தக் குற்றத்தாலேயே அடைப்பது போன்ற அயோக்கியத்தனம் வேறு இல்லை. கருவாயன் தலையைக் குனிந்துகொண்டான். சாமி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் இன்னும் கோபம் போகவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு போய்ப் படுத்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் விடிந்தது. எல்லாரும் முழுகினார்கள், வெறும் வயிற்றோடு ஏறினார்கள், உட்கார்ந்தார்கள். சாமி கருவாயன் மூக்குக்கு நேரே பஞ்சை வைத்துவிட்டு நடுவில் போய் அமர்ந்தார். கருவாயன் மூச்சை மெல்ல மெல்லக் குறைத்தான். பஞ்சு ஒரு தடவை சாய்ந்து நின்றது. அப்புறம் அசையவே இல்லை. உடம்பு இருப்பதே மறந்து போகிற அளவுக்கு அடங்கிவிட்டது. இன்னும் ஒரு நாழிகைதான். ஓட்டைத் தட்டும் சத்தம் கேட்டால் அவன் பிழைத்தான், அவன் தம்பியிடம் போகலாம்.

வாடை வந்தது. புகை, வேப்பெண்ணெய், நார்ப்பை.

மூக்கை உள்ளே இழு என்று சொல்லிக்கொண்டான். புதரில் மூங்கில் உரசுகிற சத்தம் கேட்டது. காதையும் உள்ளே இழு என்று சொல்லிக்கொண்டான். பக்கத்தில் நெடுஞ்செவியின் மூச்சு ஒரு தடவை தடுக்கி, மறுபடி ஒழுங்கானது. அவள் பயத்தை அடக்குகிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. ஒரு கண்ணை ஒரு கீற்று திறந்தான்.

புதருக்குள்ளிருந்து ஒரு நீள மூங்கில் வந்துகொண்டிருந்தது. நுனியில் நார்க் கண்ணி. புதருக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருந்தான், இடுப்பில் பை. அவனுக்கு அவசரமே இல்லை. தோட்டத்தில் பழம் பறிக்கிற மாதிரி நிதானமாகக் கண்ணியை நெடுஞ்செவியின் காதுகளுக்கு மேலாக இறக்கினான். கண்ணி கழுத்தில் பட்டது. அவள் அசையவில்லை. யார் தொட்டாலும் அசையாதே என்பது பாடம். அவள் வயிறு மட்டும் உள்ளிருந்து இரண்டு இடத்தில் துள்ளியது.

கருவாயன் சாமியைப் பார்த்தான். அப்போதும் அவரைத்தான் நம்பினான். இப்போது அவர் கண்ணைத் திறந்தால் போதும், ஓட்டை ஒரே ஒரு தட்டுத் தட்டினால் போதும், எல்லாரும் விழித்துவிடுவார்கள்.

ஆமைச்சாமியின் கண் திறந்துதான் இருந்தது. அவர் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணியைப் பார்த்தார். முயலைப் பார்த்தார். பிறகு கருவாயன் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, தலையை மெதுவாக ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

முதல் நாளும் பார்த்திருக்கிறார். காடையைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறார், சருகுமானைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓடிவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். செத்தவர்களைக் கோழை என்று சொல்லியிருக்கிறார். கருவாயனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

பஞ்சு நடுங்கியது. அதையும் அவன் பார்த்தான். இன்னும் அவன் கையில்தான் இருந்தது, மூச்சை இழுத்துப் பிடித்திருந்தால் அது நின்றிருக்கும். அவனுக்கும், அவன் பிள்ளைகளுக்கும், பேரன்களுக்கும் மலைபோல் ஆயுள் அந்த ஒரு இழைப் பஞ்சில் இருந்தது. தெரிந்துதான் விட்டான். தெரியாமல் செய்துவிட்டான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், அவர்கள் நாக்கு அழுகட்டும்.

பஞ்சு பறந்தது.

அதுவரைக்கும் உலகத்தில் நாய் குரைத்தது கிடையாது. எல்லாரையும் போலப் பேசத்தான் செய்தது. கருவாயனும் 'எழுந்திருங்க' என்றுதான் சொல்லப் போனான். ஆனால் நாற்பத்தெட்டு நாள் அடக்கின மூச்சு முழுவதும் ஒரே நேரத்தில் வாயை முட்டிக்கொண்டு வந்ததில் சொல் உடைந்து சத்தமாகிவிட்டது. கரடே அதிர்ந்தது. குரைத்துக்கொண்டே பாய்ந்து மூங்கிலை நடுவில் கவ்வி முறித்தான். கண்ணி அறுந்தது, நெடுஞ்செவி உருண்டு விழுந்தாள். எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். பாம்பு படம் எடுத்தது, மான் கொம்பைத் தாழ்த்தியது. புதருக்குப் பின்னால் இருந்தவன் பையைப் போட்டுவிட்டு, முள் கிழிக்கக் கிழிக்க ஓடினான். கருவாயன் அடிவாரம் வரை துரத்திவிட்டுத் திரும்பி வந்தான். யாரையும் கடிக்கவில்லை.

மான் கொம்பால் பையைக் கவிழ்த்தது. உள்ளே நார்க் கயிறுகளும், காடையின் இறகும் கௌதாரியின் இறகும், ஒரு சின்னக் குளம்பும் இருந்தன. மயில் அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அப்போதுதான் ஆமைச்சாமி தலையை வெளியே நீட்டினார். "போச்சு," என்றார். "நாற்பத்தெட்டாம் நாள். வம்சத்தையே கெடுத்துக்கிட்டியே முட்டாளே."

கருவாயன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. நாக்கு வெளியே தொங்கியது, நெஞ்சுக்கூடு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. அவனுக்குப் பதிலாக நெடுஞ்செவி முன்னால் வந்தாள். கழுத்தில் கண்ணியின் தடம் சிவந்திருந்தது.

"சாமி, நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்."

"முதல் நாளும்?"

"நான் யாரையும் கொல்லலையே. சும்மாத்தான் இருந்தேன். ஒரு தடவை கத்தினா நூறு மூச்சு போகும், தெரியுமா?"

"மூணு பேர் உசிரு போச்சு," என்றாள் நெடுஞ்செவி. "உங்க நூறு மூச்சு மிச்சமாகறதுக்கு எங்கள்ல மூணு பேர் போனாங்க. போனதோட விட்டீங்களா? ஓடிட்டாங்கன்னு பேரைக் கெடுத்தீங்க. நீங்க மிச்சம் பிடிச்ச மூச்செல்லாம் அவங்களோடது சாமி. அதை வெச்சுக்கிட்டு எவ்வளவு காலம் வேணும்னாலும் இருங்க. ஆனா எங்க நடுவுல இருக்காதீங்க."

சாமி சுற்றிப் பார்த்தார். கீரி வழி விட்டு நகர்ந்து நின்றது. ஆமை மெதுவாக, ரொம்ப மெதுவாக, பாறையிலிருந்து இறங்கிச் சுனைக்குள் போனது. போகும்போதும் ஒரு மூச்சுகூட அதிகம் விடவில்லை.

எல்லாரும் கருவாயனைச் சுற்றி உட்கார்ந்து அவன் இரைப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. அடங்கவில்லை. உச்சி சாய்ந்தது, அப்போதும் அடங்கவில்லை. இனி அது அடங்காது என்று ஒவ்வொருவருக்காகப் புரிய ஆரம்பித்தது. இந்த நடையில் போனால் அவன் பங்கு மூச்சு பன்னிரண்டு வருஷத்துக்கு வரும், ரொம்ப இழுத்தால் பதினைந்து. அவன் பிள்ளைகளுக்கும் அவ்வளவுதான்.

பொழுது சாய்வதற்குள் கரட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாய் நொண்டிக்கொண்டு ஏறி வந்தது. தம்பி. "யாரோ கத்தின மாதிரி கேட்டுச்சு. கேட்டதும் உன் குரல்னு தெரிஞ்சுது. என்ன ஆச்சு அண்ணே?" என்றான். எத்தனை நாளாகச் சொல்லக் காத்திருந்த வார்த்தை. கருவாயனால் சொல்ல முடியவில்லை. தம்பியின் ஊனக்காலை நக்கினான், நக்கிக்கொண்டே இருந்தான். தம்பி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பாறையில் யாருக்கும் உட்கார மனசு வரவில்லை. மயில்தான் கேட்டது, கொஞ்சம் வெட்கத்தோடு. "அப்ப மூச்சுப் பழக்கமே தப்பா?"

"மூச்சு தப்பில்லை," என்றாள் நெடுஞ்செவி. "நானே நேத்து அதாலதான் குட்டிகளைக் காப்பாத்தினேன். அதை முதல் பாடமா வெச்சதுதான் தப்பு. வதைக்காதே, பொய் சொல்லாதே, அடுத்தவங்களோடதைத் தொடாதே. பாறை ஏறறதுக்கு முன்னாடி இது முதல் படி. கண்ணெதிரே வதைக்கறதைப் பாத்துட்டு சும்மா இருந்தா, அதுவும் வதைதான். உடம்பையும் மனசையும் சுத்தமா வெச்சுக்கறது ரெண்டாவது படி. முதுகை நிமித்தி உக்கார்றது மூணாவது. இதெல்லாம் தேறினவங்களுக்குத்தான் மூச்சு. அது நாலாவது படி. இடம் யாருக்கும் நிரந்தரம் இல்லை. வலுத்தவங்க முள்ளு ஓரத்துல உக்காரணும்."

பாம்பும் மானும் எழுந்து போய் ஓரத்தில் உட்கார்ந்தன. நெடுஞ்செவி நடுவில் உட்கார்ந்தாள். அந்த மாசமே நாலு குட்டி போட்டாள், நாலும் பிழைத்தன. கருவாயன் பாறைக்குக் கீழே, வழியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். இலை அசைந்தால் குரைப்பான். பன்னிரண்டாம் வருஷம் அந்த இடத்திலேயே, நாக்கைத் தொங்கப் போட்டபடி செத்துப்போனான். அன்றைக்கும் சுனைக்குள் ஆமை இருந்தது. முயலின் பேரன் பேத்திகள் போன பிறகும் இருந்தது. இன்றைக்கும் இருக்கும், யார் கண்டது. அதைத் தேடிப் போனவர் ஒருவரும் இல்லை.

வெகு காலம் கழித்து மனிதர்கள் அந்தப் பாறைக்கு வந்து உட்காரப் பழகினார்கள். நெடுஞ்செவி சொன்ன வரிசையை வைத்துக்கொண்டார்கள், இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம் என்று ஒவ்வொன்றுக்கும் பெரிய பெரிய பேர் வைத்தார்கள். சொல்லிக்கொடுத்த முயலை மறந்தார்கள். நாய் எதற்காக இரைக்கிறது என்பதையும் மறந்தார்கள். இப்போது முதல் மூன்று படியையும் ஒரே தாண்டாகத் தாண்டி, பாய் விரித்த கையோடு நாலாவது படியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் குரைத்தால் தியானம் கெடுகிறதாம், கல்லெடுத்து எறியச் சொல்கிறார்கள். எறிவதற்கு முன்னால் ஒரு தடவை கண்ணைத் திறந்து, அது எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று பாருங்கள்.

மூச்சு நாலாவது படிக்குப் போனதும், ஆமை ஆளைக் கண்டால் தலையை உள்ளே இழுப்பதும், நாய்க்குப் பேச்சு போய்க் குரைப்பு வந்ததும் அந்த ஒரு காலையால்தான். அன்றைக்குப் பாறை ஓரத்தில் விட ஆரம்பித்த மூச்சைத்தான் நாய் இன்னும் விட்டு முடிக்கவில்லை.